மூடி

மத்ரா மீன் சந்தைக்குப் பின்னால்
மூன்றாவது சந்தில் எங்கள் மெஸ்.
காலையில் என் விரல்கள்
எனக்கு முன்பே விழித்துக்கொள்ளும்.
ஆனால் எழுந்திருக்காது.

"விறைப்பு எவ்வளவு நேரம்?"
எகிப்துக்கார டாக்டர் மகா கேட்டார்.
கடிகாரம் பார்த்ததில்லை, அம்மா.
பாங்கு சொல்லும்போது தொடங்கி
குப்பை லாரி வந்து போன பிறகும்
சட்டைப் பொத்தான் துளைக்குள் நுழையாது.
ஜிஜிமோள் சிஸ்டர் அதை அரபியாக்கினார்.
டாக்டர் எழுதினார்: தொண்ணூறு நிமிடம்.

என்ன வேலை?
பரோட்டா மாஸ்டர்.

அவர் சிரிக்கவில்லை.
மாவு பதம் பார்ப்பதுபோல்
என் இரண்டு மணிக்கட்டையும் அழுத்திப் பார்த்தார்.
வலதில் வலித்த இடத்திலேயே
இடதிலும் வலித்தது,
ஜோடி தப்பாமல்.

வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் மாத்திரை.
வாரத்துக்கு ஒரு நாள்தான், மறந்தும்
தினம் போட்டுவிடாதே என்று
மூன்று முறை சொன்னார்.
பிறகு ஒரு தாள்.
ஆலிவ் எண்ணெய், மத்தி மீன், கொண்டைக்கடலை, பருப்பு,
கீரை என்ன கிடைக்குதோ அது,
தவிடு போகாத கோதுமை, ஒரு கை வால்நட்.
தாளைத் திருப்பினால்
மைதா, டால்டா, சர்க்கரை, ஆட்டுக்கறி:
குறை, குறை, குறை.
"இது மருந்து இல்லை. மருந்துக்குக் கூடப்பிறந்தது."

ஆக,
என் கையால் வீசுகிற எதையும்
என் வாயில் போடக்கூடாது.

முதலாளி நெய்னார் தாளை எட்டிப் பார்த்தார்.
"மத்தியா? இந்த நாட்டுல
ஒட்டகம் தின்கிற மீனுல்லா அது!"
நிசந்தான். மணலில் காயவைத்து
மூட்டை மூட்டையாய் ஏற்றிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.
"ஒட்டகம் எதுவும்
முட்டு வலின்னு படுத்துப் பார்த்தீங்களா, அண்ணாச்சி?"
அவரிடம் பதில் இல்லை.
அன்றைக்கு மத்தி கிலோ முந்நூறு பைசா.

எண்ணெய்தான் விலை.
ஊருக்கு அனுப்புகிற பணத்தில்
ஒரு விரல் குறைந்தது.
"நல்லெண்ணெய்க்கு என்ன கேடு?" என்றாள்
சாத்தூரிலிருந்து பேச்சித்தாய்.
கேடொன்றுமில்லை, தாளில் இல்லை, அவ்வளவுதான்.
அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, "சரி, வாங்கித் தின்னும்."

பாட்டில் வந்தது. பச்சைக் கண்ணாடி, தகர மூடி.
காலையில் திருகினேன்.
துண்டு சுற்றித் திருகினேன்.
கதவிடுக்கில் வைத்துத் திருகினேன்.
பல்லால் கடித்ததைச் சொன்னால் வெட்கம்.
கைவலிக்காரனுக்கு எழுதிக்கொடுத்த எண்ணெயை
கைவலிக்காரன் திறக்க முடியாதபடி
எந்த ஊரில் அடைக்கிறார்கள்?

ராத்திரி வழக்கம்போல அபூ ஃபிராஸ் வந்தார்,
பக்கத்து ரொட்டிக் கடைக்காரர், சிரியாக்காரர்.
இரண்டு பரோட்டா, சால்னா தனியாக.
பாட்டிலை எடுத்து ஒரே திருகு.
'டக்' என்றது.
தாளைப் பார்த்தார், வரிவரியாய் அரபி எழுத்து.
"மாஸ்டர், இது சீட்டு இல்லை.
இது எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு."
வாயில் பரோட்டா இருந்தது.
தன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.
சர்க்கரை நோய்க்கு அவருக்குத் தந்தது.
முதல் வரி: மைதா கூடாது.

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்,
கல்லில் ஒன்று கருகிப்போனது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி கேட்டார்.
குப்பை லாரி வருவதற்குள்
பொத்தான் போட்டுவிடுகிறேன், அநேக நாள்.
சில நாள் இல்லை.
எழுதினார்: நாற்பது.
மாத்திரையா, மத்தியா, எது கேட்டது?
"இரண்டையும் கேட்காதே.
இரண்டையும் விடாதே."

இப்போது அபூ ஃபிராஸ் ஒரு பரோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார்.
அவருக்கென்று கோதுமையில் போடுகிறேன்,
அடுக்கு வராது, கோபித்துக்கொண்டு தின்பார்.
போகும்போது அலமாரிக்குப் போய்
பாட்டிலின் மூடியை அரைத் திருகு தளர்த்திவிட்டு
ஒன்றும் சொல்லாமல் படியிறங்குவார்.

விடிகாலையில்
இரண்டு விரலால் தொட்டாலே
சுழன்று வருகிறது.